ஐந்தடிக் கம்பி

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். பால்சாமி மேஸ்திரி. பக்கத்து மனையை வாங்கிக் கடை கட்டப்போகிற சந்தானம். லாரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்ற என் மகன் தவமணி. என் மகள் தமயந்தி; ஆறு நாள் பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாலும் ஜன்னல் வழியாக ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆகவே அவளும் கணக்கில் உண்டு. பிள்ளையைப் பார்க்க வந்திருந்த அவள் மாமியார் வெள்ளத்தாயி. ஆறாவது நான்.

பின்னால் யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். தவமணிக்கு லாரி ஆபீசில் கொடுத்த டைரி இது. பத்து மாதம் சும்மா கிடந்தது.

பால்சாமி கேட்டான்: "மதினி, இந்த மேற்குச் சுவத்துக்கு அஸ்திவாரம் எத்தனை அடி? அண்ணன் எவ்வளவு தோண்டுனாரு?"

இந்த வீட்டை என் வீட்டுக்காரர் மூக்கையா கொத்தனாரும் நானும் கட்டினோம். அவர் சுவர் வைத்தார், நான் மண்ணும் கல்லும் சுமந்தேன்.

"அஞ்சடி" என்றேன்.

"அண்ணன் வேலையில அஞ்சுக்குக் கொறையாதுன்னு தெரியும். கேக்கணும்ல, அதுக்குத்தான் கேட்டேன்." சந்தானம் பக்கம் திரும்பினான். "அப்ப அஞ்சடி தள்ளி வெட்டுனாப் போதும் சார். வண்டி நிறுத்த ஒம்போதடி பள்ளம் தாராளமா எறக்கலாம்."

இந்தப் பால்சாமி அவரிடம் வேலை கற்றவன். அவர் இறந்த பதினாறாம் நாள், ஆணியில் தொங்கிய, சுவர் நேராக நிற்கிறதா என்று அவர் பார்க்கிற பித்தளைத் தூக்குக்குண்டை, "அண்ணன் ஞாபகமா வச்சுக்கிறேன் மதினி" என்று எடுத்துக்கொண்டு போனவன். இன்னும் திரும்பி வரவில்லை. ஒன்பது வருஷம் இரண்டு மாதம் ஆகிறது.

நவம்பர் 5, புதன்

மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. அடுப்பில் வைத்த பால் கொதிப்பதற்கு முன்பே நடுங்குகிறது.

"அம்மா, தொட்டில் தானா ஆடுது" என்றாள் தமயந்தி.

"பிள்ளை காலை ஒதைச்சிருக்கும்."

"பிள்ளை எங்கிட்டல்ல இருக்கு."

வெறும் தொட்டில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய அறை அது. தளம் போட அவருக்கு வாய்க்காமல் தகரம் வேய்ந்த அறை. பிள்ளை பெற்றவளுக்குக் கதவைச் சாத்தி வைக்க வேறு அறை எங்கள் வீட்டில் இல்லை. தொட்டிலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை எடுத்ததும் மறுபடியும் ஆடியது.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளத்தில் கம்பி கட்ட ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஒன்பதடி ஆழம். சித்தாள் ஒருத்தி கொல்லைப்பக்கம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பெயர் ஒச்சம்மா, உசிலம்பட்டிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சும்மாடு கட்டியிருந்த விதம் பிடித்திருந்தது, என்னைப் போலவே இடது பக்கம் முடிச்சு. நீர்மோரைச் சொம்போடு கொடுத்தேன்.

"சாயந்தரம் சொம்பு வந்துரணும். எங்கிட்ட வாங்குன சாமானைத் திருப்பித் தராதவுக ஏழு பேரு. ஏழு பேரையும் தேதியோட சொல்லுவேன்."

"ஆத்தி! எட்டாவது ஆளா நான் வர மாட்டேன் ஆத்தா" என்று சிரித்தாள்.

சாயங்காலம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நவம்பர் 8, சனி

பள்ளத்தின் விளிம்பு சுவருக்கு ரொம்பக் கிட்டே இருப்பதாக எனக்குப் பட்டது. போய் அளக்க வழியில்லை. சுவரை ஒட்டித் தகரம் அடித்து, நடுவில் மண்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "மதினி உள்ள வராதீக, வழுக்கும்" என்று பால்சாமி விரட்டுகிறான்.

வேறு வழி இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நாற்பது வருஷம் நூலின் மறுமுனையைப் பிடித்தவள். எந்த வீட்டுக்கு மூலை எடுத்தாலும் அவர், "சீனி, மூணுல பிடி, நாலுல பிடி" என்பார். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. அவருக்குத் தெரிந்தது அந்த மூன்று எண்தான். எல்லா எண்ணுக்கும் அது பொருந்தும் என்று அறிவொளி வகுப்பில் ரோஸ்லின் டீச்சர் புளியங்கொட்டையை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினார். மூன்று வரிசை மூன்று, ஒன்பது. நான்கு வரிசை நான்கு, பதினாறு. இரண்டையும் கலந்தால் ஐந்து வரிசை ஐந்து. ஒரு கொட்டை மிஞ்சாது, குறையாது.

சுவர் உச்சியில் பழைய ஆன்டெனாக் கொக்கி இருக்கிறது. தரையிலிருந்து பன்னிரண்டு அடி. வைத்த அன்றைக்கு நான்தான் அளந்தேன். கொல்லையில் ஏணி போட்டு ஏறி, கொக்கியில் நூலைக் கட்டி மறுமுனையை அந்தப் பக்கம் எறிந்தேன். ஒச்சம்மா பள்ளத்து விளிம்பில் நூலை வைத்து விறைப்பாக இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

"என்ன ஆத்தா, பட்டம் விடுறீகளா?"

"ஆமா, ஒன்னையக் கட்டித்தான் விடப்போறேன். நல்லா இழுத்துப் பிடி."

பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. ஐந்தடி தள்ளி வெட்டியிருந்தால் அதோடு இருபத்தைந்து சேர வேண்டும். நூற்று அறுபத்தொன்பது. அது பதிமூன்றைப் பதிமூன்றால் பெருக்கியது. நூல் பதிமூன்றடி வர வேண்டும்.

தூறலில் நனைந்த நூலைக் கூடத்தில் போட்டு அளந்தேன். பன்னிரண்டரை.

பன்னிரண்டரையைப் பன்னிரண்டரையால் பெருக்கினால் நூற்று ஐம்பத்தாறே கால். மிச்சம் பன்னிரண்டே கால். அது மூன்றரையும் மூன்றரையும். ஐந்தடி என்று சொல்லிவிட்டு மூன்றரை அடியில் வெட்டியிருக்கிறான்.

மறுபடியும் அளந்தேன். அதேதான். 

நவம்பர் 9, ஞாயிறு

பால்சாமியை வாசலில் நிறுத்திக் கேட்டேன். தவமணியும் இருந்தான்.

"நூலை நனைச்சுப்புட்டு அளந்தா எப்படி மதினி? பருத்தி நூலு, மழையில சுருங்கும். பதிமூணு இருந்தது பன்னெண்டரை ஆயிருக்கும்."

"அரையடியாடா சுருங்கும்?"

"சரி, ஒங்க கணக்கே சரின்னு வைங்க. எந்திரக்காரன் அங்கிட்டு இங்கிட்டு கொஞ்சம் இழுத்திருப்பான். அஞ்சடி அஸ்திவாரம் கீழ இருக்கையில என்ன பயம்? பதினஞ்சு நாள்ல கான்கிரீட் சுவரு எந்திரிச்சிரும்."

தவமணி சிரித்தான். "அம்மாவுக்கு ஒங்க மேல வேற கோவம் சித்தப்பா. தூக்குக்குண்டு கோவம்."

பால்சாமியும் சிரித்தான். இரண்டு பேரும் சிரித்ததை எழுதி வைக்கிறேன்.

அஸ்திவாரத்தைப் பற்றி அவன் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பூண்டுக்குழம்பு இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

நூல் சுருங்கும். இரும்பு சுருங்காது. ஒச்சம்மாவிடம் சொல்லி, பத்து எம்எம் கம்பியில் ஐந்தடி அளந்து ஒரு துண்டு வெட்டி வாங்கினேன்.

அறையின் மேற்குச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு. சுவரிலிருந்து நாலடி தள்ளித் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. கம்பியின் அடி கோட்டில், நழுவாமல் இருக்க அதற்குப் பின்னால் அம்மிக்குழவி. கம்பியின் தலை சரியாகப் பொட்டின் மேல் உட்கார்ந்தது. இந்த நிமிஷம் வரை சுவர் நேராக நிற்கிறது. அவர் வைத்த சுவர்.

சுவர் வெளியே சாய்ந்தால் கம்பியின் தலை பொட்டை விட்டுக் கீழே இறங்கும். ஒரு விரல் இறங்கினால் சுவர் அந்த இடத்தில் முக்கால் விரல் போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்றும் நாலும் செய்கிற வேலை அது.

தூக்குக்குண்டு இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று தவமணி சொல்லுவான். இல்லை. அதைத்தான் ஒருத்தன் கொண்டுபோய்விட்டானே. இருந்த நாளிலும் சித்தாள் அதைத் தொட்டதில்லை, அது கொத்தனார் கைச்சாமான். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். என் கை நடுக்கத்தில் அது நிற்கவே இல்லை.

"எதுக்கும்மா இது?" என்றாள் தமயந்தி.

"பிள்ளை பெத்த அறை. இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாது."

நம்பிவிட்டாள். வயிற்றில் பதினொரு தையல். எழுந்திருக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவளிடம் வேறு எதைச் சொல்ல?

நவம்பர் 11, செவ்வாய்

பொட்டின் மேல்தான் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

அரை விரல்.

நவம்பர் 13, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். முக்கால் விரல் இறங்கியிருக்கிறது.

பிள்ளைக்கு முப்பது நாள் கழியும் வரை கூடமாட இருக்கிறேன் என்று வெள்ளத்தாயி வந்துவிட்டாள். "பிள்ளையத் தூக்கிட்டு ஒங்க வீட்டுக்கு இப்பவே போயிரலாமா சம்மந்தி?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன்.

"தீட்டுக் கழியாம தெருத் தாண்டவா? பச்ச ஒடம்புக்காரி, மழையில ஆட்டோவுல குலுங்கிக்கிட்டா? ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, "ஒங்க வீட்டுச் சுவரு என்ன அவ்வளவு மோசமா?" என்றுதான் வரும். கல்யாணத்தன்றைக்கே, "தகரக் கொட்டாயில பொறந்த பொண்ணு" என்று பந்தியில் பேசியவள். மூன்றாவது வரிசை, ஓரத்து இலை. நான் மறக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு விரல். ஆக முக்கால் விரல் வெளியே.

உலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தேன்.   சுவர்ப் பக்கம் தலை வைத்திருந்த தமயந்தியைத் திருப்பிப் படுக்க வைத்தேன். கிழக்கே தலை வைத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் ஒன்றின் பின்னால் ஒன்று தானாக வருகிறது.

ஒச்சம்மா நனைந்துகொண்டே வந்தாள். சொம்பில் ரசம் கொடுத்தேன். "பள்ளத்துல தண்ணி ஊறி மண்ணு மாவு மாதிரி உதிருது ஆத்தா" என்றாள். பள்ளத்தைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. "குடிச்சிட்டுச் சீக்கிரம் குடு" என்றேன்.

நவம்பர் 15, சனி

கம்பியின் தலை பொட்டின் மேல் இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பொட்டின் மேலேதான். பத்து நாள் கழித்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெள்ளத்தாயி வைத்த கருவாட்டுக் குழம்பைக்கூட நல்லா இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கே ஆச்சரியம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றும் பொட்டின் மேல். மழையில் மண் ஊதி, சுவரைத் திருப்பித் தள்ளியிருக்கும்.

போன சுவர் திரும்பி வராது. நாற்பது வருஷத்தில் ஒன்றுகூட வந்து நான் பார்த்ததில்லை. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று எழுதவில்லை.  நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திங்கள் காலை எட்டரை மணி. வெள்ளத்தாயி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மிக்குழவியைத் தூக்கி ஓரமாக வைத்தாள், துடைத்தாள், மறுபடி கம்பியைச் சாத்தி, தலையைப் பொட்டில் வைத்து, அதற்கு ஏற்றபடி குழவியைத் தள்ளி வைத்தாள். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றீக சம்மந்தி?"

"கம்பி பொட்டைத் தொடாம எறங்கிக் கெடந்துச்சு. தொட்டுக்கிட்டு இருந்தாத்தானே பிள்ளைக்குக் காவலு? அதான் வெள்ளிக்கெழமை சாயந்தரத்துல இருந்து தொடச்சுத் தொடச்சு நானே சரியா வச்சு விடுறேன்."

தரையில் என் கோடு இல்லை. துடைத்துத் துடைத்து அழிந்துவிட்டது. ஆனால் அந்த அறை கிழக்கு மேற்காகப் பத்தடி. என் கோடு கிழக்குச் சுவரிலிருந்து ஆறடி. டேப்பை எடுத்து அளந்தேன். கம்பியின் அடி ஆறடி இரண்டு விரலில் இருந்தது. பொட்டைத் தொடுவதற்காகக் கம்பி இரண்டு விரல் சுவரைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. மூன்றடி உயரத்தில் சுவர் இரண்டு விரல் வெளியே. அப்படியானால் பன்னிரண்டடி உச்சியில் எட்டு விரல்.

மேலே பார்த்தேன். சுவரும் தகரமும் சேரும் இடத்தில் பழைய சேலை ஒன்று நீளமாகச் செருகியிருந்தது.

"அது யாரு வச்சது?"

"நான்தான். காத்து வந்துச்சு. பச்சப் பிள்ளைக்கு ஆகாதுன்னு ஸ்டூல் போட்டு ஏறி அடைச்சேன்."

சேலையை இழுத்தேன். ஒரு கை நுழைகிற அகலத்துக்கு வானம் தெரிந்தது.

பிறகு நான் என்ன பேசினேன் என்று வெள்ளத்தாயி சொல்லித்தான் தெரியும். தீட்டு, தெரு, தையல் எதையும் நான் கேட்கவில்லையாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்தபின் வெள்ளத்தாயி ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையைத் தன் மாரோடு சேலையில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தவள் அவள்தான்.

தமயந்தியை எழுப்பி, நிறுத்தி, ஓர் அடி, இன்னோர் அடி என்று கூடத்துக்குக் கொண்டுவந்தேன். "என்னம்மா, என்னம்மா" என்று அழுதாள். ஆட்டோ கிடைக்க நேரம் ஆனது. மருந்து, துணி, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தேன். காதுக்குப் பஞ்சு தேடினேன். ஆட்டோ தெருமுனை திரும்பியபோது மணி ஒன்பதரை.

அதன் பிறகுதான் நான் பள்ளத்துக்குப் போனேன்.

ஒரு மணி நேரம். சுவர் வெளியே சாய்கிறது. வெளியே என்றால் பள்ளம். பள்ளத்தில் பதினொரு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக அந்தக் கம்பியைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேனே, ஒருமுறைகூட எனக்கு அவர்கள் ஞாபகம் வரவில்லை. சுவர் என் மகள் மேல் விழும் என்றுதான் பயந்தேன். நாற்பது வருஷம் பள்ளத்தில் இறங்கி ஏறியவள் நான்.

பால்சாமி விளிம்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பால்சாமி, அஞ்சடி இல்ல. மூணடிதான்."

"எது மதினி?"

"அஸ்திவாரம். மூணடிதான் தோண்டுனோம்."

டீ கிளாஸ் அவன் கையிலிருந்து விழுந்தது. "அன்னைக்கு வாசல்ல வச்சுக் கேட்டேனே மதினி! மூணுன்னா நான் பத்தடி தள்ளியிருப்பேன், கட்டை அடிச்சு நிறுத்தியிருப்பேனே!" அதற்கு மேல் அவன் என்னிடம் நிற்கவில்லை. "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க! சாமானைப் போடு, ஏறு!" என்று கத்திக்கொண்டே விளிம்போடு ஓடினான்.

ஏறினார்கள். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணினேன். பதினொன்றாவதாக ஒச்சம்மா ஏணியில் ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன ஆத்தா ஆச்சு?" என்று சிரித்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு, "ஐயோ, ஒங்க சொம்பு கீழ கெடக்கு" என்றாள்.

"வேணாம்டி" என்று நான் சொல்லுவதற்குள் ஏணியில் பாதி இறங்கிவிட்டாள். "எட்டாவது ஆளாக்கிப்புடுவீக" என்று கீழிருந்து குரல் வந்தது.

சுவர் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ பழைய சுவரை இடித்திருக்கிறேன். இது அப்படி இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு தூசி.

நவம்பர் 19, புதன்

மூன்றடி ஏன் என்று தவமணி கேட்டான். லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். சொன்னேன்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி. அது குப்பை கொட்டி மேடாக்கின மண், ஐந்தடியாவது போக வேண்டும். அவர் வெட்ட, நான் மண் சுமந்தேன். கூலிக்கு வேறு ஆள் வைக்கவில்லை. மூன்றடி ஆனபோது எனக்கு வலி எடுத்தது. சட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பிறந்தவள்தான் தமயந்தி. மறுநாள் மழை, பள்ளம் நிறைந்துவிட்டது. தண்ணீரை இறைத்துவிட்டு அப்படியே கல்லைப் போட்டார். தெருவில் கேட்டவர்களிடம், "அஞ்சடி" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஐந்தடி.

"அன்னைக்கு வாசல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 24, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். ஒச்சம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. அவள் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்த வீட்டு ஆத்தா என்று ஒச்சம்மாதான் சொன்னாள். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சொம்பு கெடைச்சுச்சா ஆத்தா?" என்று கேட்டாள் ஒச்சம்மா.

கிடைத்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் கிடந்தது. நெளியக்கூட இல்லை.

"இனிச் சும்மாடு கட்டுற பொழப்பு இல்ல. ஒக்காந்து செய்யிற வேலை எதுவும் இருந்தா மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஆத்தா." பிறகு, "நீங்க வந்து சொல்லலைன்னா பதினொரு பேரும் போயிருப்போம்" என்றாள்.

அவள் படுக்கையிலேயே வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தடி என்று சொன்னதை, கம்பியை, ஒரு மணி நேரத்தை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  அவள் அம்மா, "மருந்து மயக்கம்" என்றாள். மயக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் பால்சாமி வாசலில் நிற்கிறான். துணியில் சுற்றியிருந்த தூக்குக்குண்டை என் கையில் வைத்தான். "மூணரையில வெட்டுனது நான்தான் மதினி. வண்டி நிறுத்த எடம் பத்தலைன்னு சார் கேட்டாரு, வெட்டிப்புட்டேன். ஸ்டேஷன்லயும் அதையே எழுதிக் குடுத்துட்டேன். அஸ்திவாரத்தைப் பத்தி எழுதல." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நானும் தவமணியும் நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறோம். அஸ்திவாரத்தை நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். எனக்கு எழுதத் தெரியும்.

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பால்சாமி கேட்க வேண்டியதைக் கேட்டான். மூன்றரைக்கும் குண்டுக்கும் அவன்மேல் எனக்கு இனி ஒன்றும் இல்லை. சந்தானத்துக்கு இடம் மட்டும்தான் தெரியும், மண் தெரியாது. தவமணி சிரித்தான், என்னை நம்பித்தான் சிரித்தான். வெள்ளத்தாயி காவலுக்கு என்று கம்பியை நகர்த்தினாள், காவல் என்று சொல்லிக் கொடுத்தது நான். அந்தப் பந்திப் பேச்சையும் விட்டுவிட்டேன். தமயந்தி பாவம், அவளுக்கு எதுவுமே தெரியாது. வாசலில் இல்லாத அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். வெட்கத்தில் ஐந்தடி என்றார், அவர் சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வாங்கின சாமானைத் திருப்பித் தராத அந்த ஏழு பேரையும்கூட இன்றோடு விட்டாயிற்று.

மிச்சம் ஒருத்தி. அவளை மட்டும் விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. நாளைக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப்போகிற மாதிரியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சீனியம்மாள், வயது அறுபத்தாறு, கணவர் பெயர் மூக்கையா கொத்தனார்.